ஸ்லீவ் முடிந்த பிறகு தண்ணீர் இறங்க மறுக்கிறது, நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

வெண்தாமரை:

எல்லோருக்கும் வணக்கம். எடை குறைக்க இரைப்பையைச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம் நடக்கிறது. வெளிக்காயமெல்லாம் ஆறிவிட்டது, வலி மாத்திரை தேவைப்படவில்லை, வீட்டுக்குள் நன்றாகவே நடக்கிறேன். ஒரே ஒரு விஷயம்தான் பாடாய்ப் படுத்துகிறது, தண்ணீர். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு இரண்டு மடக்கு போனதும் நடு நெஞ்சில் ஓர் அழுத்தம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, மூக்கு ஒழுகுகிறது, ஏப்பம் மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நிற்கிறது. அது அடங்குவதற்குள் குடிக்க வேண்டும் என்ற எண்ணமே போய்விடுகிறது. ராத்திரி கணக்குப் பார்த்தால் சூப், புரோட்டீன் பானம் எல்லாம் சேர்த்து 600 மி.லி. தாண்டியிருக்காது. தாகமும் எடுப்பதில்லை, அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

நேற்றிலிருந்து கட்டிலை விட்டு எழுந்தால் ஒரு கணம் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. யூரின் கொஞ்சமாக, அடர் மஞ்சளாகப் போகிறது. வீட்டில் சொன்னால் ‘சாப்பாடே இல்லை, தலை சுற்றாமல் என்ன செய்யும்’ என்கிறார்கள். பிரஷர் மாத்திரை ஆபரேஷனுக்கு முன்னால் எப்படிப் போட்டேனோ அப்படியே போட்டுக்கொண்டிருக்கிறேன். இது எல்லோருக்கும் வருவதுதானா, தானாகவே சரியாகுமா?

நீலக்குடை:

வெண்தாமரை, அந்த அழுத்தமும் மூக்கு ஒழுகுவதும் எனக்கும் அப்படியே இருந்தது. ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள், மிச்சம் இருப்பது ஒரு குழாய். அந்தக் குழாயின் நீளம் முழுக்க ஸ்டேப்லர் போட்ட கோடு இருக்கிறது, முதல் சில வாரம் அது உள்ளே வீங்கித்தான் இருக்கும். பழைய வயிறு தண்ணீர் வந்தால் விரிந்து கொடுக்கும், இது விரியாது. அதனால் கொஞ்சம் அதிகமாகப் போனாலும் உள்ளே அழுத்தம் ஏறிவிடுகிறது. மூக்கு ஒழுகுவது, விக்கல், தும்மல், தோளில் ஒரு பிடிப்பு, இதெல்லாம் இனிமேல் ‘போதும்’ என்று உடம்பு சொல்லும் முறை. பழைய மாதிரி வயிறு நிறைந்த உணர்வு வரும் என்று காத்திருந்தால் அதற்குள் தாண்டிப் போயிருப்போம்.

கணக்கை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். ஒன்றரை லிட்டர் என்று யோசித்தால் மலைப்பாக இருக்கும். கால் மணிக்கு 30 மி.லி. என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 120, விழித்திருக்கும் நேரம் 14 மணி நேரம் என்றால் 1,680 வந்துவிடுகிறது. அதையும் ஒரே மடக்காக இல்லை. மருந்து பாட்டில் மேல் கவிழ்த்து வரும் சின்ன அளவுக் கப்பில் 30 கோடு வரை ஊற்றிக்கொண்டு, உதடு நனைகிற அளவுக்கு ஒரு மிடறு, அதை வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கி, ஒரு நிமிஷம் சும்மா இருந்து, அடுத்த மிடறு. ஐந்தாறு மிடறில் கப் காலி. மடக்கு மடக்காகக் குடித்துப் பழகிய நமக்கு இது ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும், ஆனால் அந்த வயிற்றுக்குள் தண்ணீர் போக வேறு வழி இல்லை.

தாகம் எடுக்கவில்லை என்பதை நம்பாதீர்கள். முதல் சில வாரத்துக்குத் தாகத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்.

மாலைநடை:

நான் சர்ஜரி வார்டில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள். நீலக்குடை சொன்ன முறை சரி, நானும் அதைத்தான் சொல்லிக் கொடுப்பேன். ஆனால் வெண்தாமரை, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு மிடறு பற்றிப் பேசத் தோன்றவில்லை. எழுந்தால் கண் இருட்டுகிறது, யூரின் குறைந்து நிறம் கூடிவிட்டது, அதோடு பிரஷர் மாத்திரை முழு அளவில் போகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் அது ‘மெதுவாகப் பழகிக்கொள்ளலாம்’ என்கிற கட்டம் இல்லை. இப்போதே ஆபரேஷன் செய்த டாக்டரின் குழுவுக்குப் போன் செய்யுங்கள். நாளைக் காலை வரை பொறுத்திருக்க வேண்டாம்.

மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் ஹைட்ரோகுளோரோதையசைடு மாதிரி நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்திருக்கிறதா? பிரஷருக்கான கூட்டு மாத்திரைகளில் அது அடிக்கடி இருக்கும். குடிப்பது அரை லிட்டர்தான் என்னும்போது அந்த மருந்து இருக்கிற நீரையும் வெளியே தள்ளும். டெல்மிசார்ட்டான், ராமிப்ரில் வகை மருந்துகளும் நீர் வற்றிய உடம்பில் கிட்னிக்குச் சிரமம் தரும். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பிரஷரே பல பேருக்குத் தானாகக் குறையும், பழைய அளவு மாத்திரை பெரும்பாலும் அதிகமாகிவிடும். நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் பேசும்போது மாத்திரையின் பெயரைச் சொல்லி, போடலாமா வேண்டாமா என்று நேராகக் கேளுங்கள்.

சுகர் மருந்து போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையை யூரினில் வெளியேற்றும், கூடவே தண்ணீரும் போகும். சாப்பாடு இல்லாமல் இருக்கும்போது அவற்றைத் தொடர்ந்தால் இரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்தும் உண்டு, அப்போது சர்க்கரை அளவு பெரிதாகக் கூடாமலே இருக்கலாம் என்பதால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்பே நிறுத்தச் சொல்லியிருப்பார்கள், சொல்லாமல் விட்டிருந்தால் கேளுங்கள்.

காவேரிக்கரை:

நான் நோயாளி இல்லை, என் மனைவிக்குத்தான் ஆபரேஷன் நடந்தது. கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வாரம் நான் அவளிடம் மணிக்கொரு தரம் ‘குடிச்சியா, குடிச்சியா’ என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவள் ‘குடிச்சேன்’ என்பாள். பொய்யெல்லாம் இல்லை, குடிக்கத்தான் செய்தாள், ஆனால் எவ்வளவு என்பது அவளுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. காலையில் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டை நிரப்பி வெளியே எடுத்து வைத்து, அன்றைக்கு அவள் குடிக்கும் எதுவாக இருந்தாலும் அதிலிருந்துதான் என்று வைத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. சூப்புக்கும் புரோட்டீன் பானத்துக்கும் உரிய அளவை முதலிலேயே பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவோம். சாயங்காலம் பாட்டிலில் இருக்கும் மட்டத்தைப் பார்த்தால் போதும், கேள்வி கேட்க வேண்டியதில்லை, சண்டையும் இல்லை.

போனில் கால் மணிக்கொரு அலாரம் வைத்தோம். மத்தியானத்துக்குள் அவளுக்கு அந்தச் சத்தமே பிடிக்காமல் போய்விட்டது. அப்புறம் அலாரத்தை எடுத்துவிட்டு கப்பை அவள் இருக்கும் இடத்திலெல்லாம் கூடவே வைத்தோம், டிவி முன்னால், கட்டிலுக்குப் பக்கத்தில், பாத்ரூம் போய் வரும் வழியில் மேசை மேல். கண்ணில் பட்டால் ஒரு மிடறு. அவளுக்கு அது ஒத்துவந்தது. உங்களுக்கு அலாரம் ஒத்துவரலாம்.

இன்னொன்று, சாதா தண்ணீர் அவளுக்குக் கனமாக இருப்பதாகச் சொல்வாள். தண்ணீரில் என்ன கனம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. வெதுவெதுப்பாகக் கொடுத்தால் இறங்கியது, ஃப்ரிட்ஜ் தண்ணீர் இறங்கவில்லை. அடுத்த கட்டிலில் இருந்த அம்மாவுக்கு நேர்மாறு, ஐஸ் கட்டியைச் சப்பினால்தான் இறங்கும். ஆளுக்கு ஆள் வேறு. எது இறங்குகிறதோ அதுவே சரியான தண்ணீர் என்று டயட்டீஷியன் சொன்னார்.

புதுக்காற்று:

எனக்கு பைபாஸ், இதயத்தில் செய்வது இல்லை, இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாக்கி நேராகக் குடலோடு சேர்ப்பது. எங்கள் பை இன்னும் சின்னது, ஆரம்பத்தில் 30 மி.லி. அளவுதான். ஆனால் ஸ்லீவ்காரர்களைவிட எங்களுக்குத் தண்ணீர் கொஞ்சம் சுலபமாகவே போவதாக எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் இரைப்பையின் கீழ் வாசலில் அடைத்துப் பிடிக்கும் தசை எங்களுக்கு வழியில் இல்லை, போவது நேராகக் குடலுக்குப் போகிறது. அந்தச் சௌகரியத்துக்கு விலையும் உண்டு. இனிப்பான பானம் எதையாவது குடித்தால் கால் மணி அரை மணிக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிற்றைப் பிசையும், கழிப்பறைக்கு ஓட வேண்டிவரும். டம்பிங் என்பார்கள். சிலருக்கு அதோடு முடியாமல் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து சர்க்கரை சடாரென்று இறங்கிக் கை நடுங்கும்.

அதனால் தண்ணீர் பிடிக்கவில்லை என்று பழச்சாறு பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து யோசியுங்கள். பழச்சாறில் லிட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரை இருக்கும், விளையாட்டு வீரர்கள் குடிக்கும் பானங்களில் 60 கிராம் அளவில். ஓ.ஆர்.எஸ். வேறு கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002-இல் மாற்றியமைத்த அளவுப்படி லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், உப்பு 2.6 கிராம். குடல் தண்ணீரை உறிஞ்ச எவ்வளவு சர்க்கரை தேவையோ அவ்வளவுதான் அதில் இருக்கிறது. எனக்கு அது டம்பிங் எதுவும் தரவில்லை. ஓ.ஆர்.எஸ். என்று எழுதிவிட்டு உள்ளே ஜூஸ் மாதிரி இனிப்பு போட்ட பாட்டில்களும் வந்ததுண்டு, பின்பக்கம் சர்க்கரை அளவைப் படித்துவிட்டு வாங்குங்கள். பிரஷர், இதயம், கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் உப்பு காரணமாக டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரா வேண்டவே வேண்டாம். காற்று உள்ளே போய்விடும்.

மணல்மேடு:

புதுக்காற்று, ஸ்ட்ரா விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காற்று போகும் என்பதும் வேகமாக உறிஞ்சிவிடுவோம் என்பதும்தான் காரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு நேர்மாறு. கப்பில் குடித்தால்தான் அளவு தெரியாமல் பெரிய மிடறாகப் போகும், மெல்லிய ஸ்ட்ராவில் ஒரு சொட்டு ஒரு சொட்டாக இழுக்க முடிந்தது. என் சர்ஜனிடம் கேட்டேன், ஏப்பமோ உப்பசமோ வரவில்லை என்றால் குடியுங்கள், எப்படியாவது உள்ளே போனால் சரி என்றார். கேஸ் போட்ட பானம் வேண்டாம் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றாகத்தான் சொல்கிறார்கள், அதில் எனக்கும் சந்தேகம் இல்லை.

புதுக்காற்று:

உங்கள் சர்ஜன் சொன்னார் என்றால் சரி. எனக்குச் சொன்னதை நான் சொன்னேன். எங்கள் இருவர் பேச்சையும் கேட்காமல் அவரவர் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

நீலக்குடை:

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு நீர் ஏன் இவ்வளவு சீக்கிரம் வற்றுகிறது என்று எனக்கு டயட்டீஷியன் விளக்கியதைச் சொல்கிறேன். சாதாரணமாக நம் உடம்புக்குக் கிடைக்கும் நீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாப்பாட்டிலிருந்து வருகிறது. இப்போது சாப்பாடே பெயரளவுக்குத்தான், அந்தப் பங்கு போய்விட்டது. ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து முதல் நாட்களிலேயே கரைகிறது, அது ஒரு கிராம் என்றால் கூட மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும், அதுவும் சேர்ந்து வெளியேறுகிறது. முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதில் பெரும்பகுதி இதுதான், கொழுப்பு இல்லை. வாந்தியும் வந்தால் சொல்லவே வேண்டாம்.

அந்த எடைக் குறைவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு குடிக்காமல் இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனசு பதறும். தண்ணீர் இறங்கியதைக் கொழுப்பு கரைந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். முதல் மாதம் எடை பார்க்கும் மிஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு பாட்டிலை மட்டும் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

வெண்தாமரை:

மாலைநடை அக்கா, நீங்கள் சொன்னதும் போன் செய்தேன். எழுந்தால் கண் இருட்டுகிறது என்று சொன்ன உடனேயே கிளம்பி வரச் சொல்லிவிட்டார்கள். படுக்க வைத்து ஒரு முறை, நிற்க வைத்து ஒரு முறை பிரஷர் பார்த்தார்கள், நின்றபோது நன்றாக இறங்கியிருந்தது. இரத்தம் எடுத்தார்கள், கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கொஞ்சம் கூடியிருக்கிறதாம், பொட்டாசியம் குறைந்திருக்கிறதாம். டிரிப்ஸ் ஏற்றுவதற்கு முன்னால் மஞ்சளாக ஓர் ஊசி மருந்து பாட்டிலில் கலந்து போட்டார்கள், அது என்ன என்று கேட்டதற்கு வைட்டமின், தயமின் முக்கியம் என்றார்கள். தினமும் வாந்தி இருந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இருந்தது, அதை மேலே எழுத விட்டுப்போய்விட்டது.

பிரஷர் மாத்திரையில் நீங்கள் சொன்ன அந்த நீர் மருந்து இருந்தது. நிறுத்திவிட்டார்கள், தினம் இரண்டு வேளை பிரஷர் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். இரண்டாவது பாட்டில் ஏறி முடிந்தபோது நாக்கு ஈரமானதை என்னாலேயே உணர முடிந்தது, இத்தனை நாள் அது காய்ந்து கிடந்ததே எனக்குத் தெரியவில்லை. இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி. அந்த வைட்டமினை ஏன் டிரிப்ஸுக்கு முன்னால் போட்டார்கள், யாராவது சொல்வீர்களா?

மாலைநடை:

போனதே நிம்மதி. சரியாகச் செய்திருக்கிறார்கள்.

தயமின் என்பது வைட்டமின் பி1. அது உடம்பில் அதிகம் சேர்த்து வைக்க முடியாத சத்து, இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். சாப்பாடு குறைந்து வாந்தியும் தொடர்ந்தால் அந்த இருப்பு தீர்ந்துவிடும். குளுக்கோஸை உடம்பு பயன்படுத்துவதற்கு பி1 தேவை, ஆகவே பி1 இல்லாத உடம்பில் வெறும் குளுக்கோஸ் டிரிப்ஸை முதலில் ஏற்றினால் மிச்சம் மீதி இருப்பதும் சடாரென்று செலவாகி மூளையைப் பாதிக்கலாம். வெர்னிக்கி என்கிறார்கள். கண் பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, கண் விழி தானாக ஆடுவது, நடக்கும்போது தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது, இவை வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. இது பெரும்பாலும் ஆபரேஷனுக்குப் பிறகான முதல் மூன்று மாதத்துக்குள் வருகிறது, பெரும்பாலானவர்களுக்கு வாந்தி தொடர்ந்த பிறகுதான் வருகிறது.

இதை ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், உடம்பு சோர்ந்தால் பலர் ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போகாமல் பக்கத்தில் இருக்கும் கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அங்கே இருப்பவர்களுக்கு உங்களுக்கு என்ன ஆபரேஷன் நடந்தது என்று நீங்கள் சொன்னால்தான் தெரியும். எங்கே போனாலும் முதல் வாக்கியமே ‘எனக்கு எடை குறைக்கும் ஆபரேஷன் நடந்திருக்கிறது, இத்தனை நாளாக வாந்தி இருக்கிறது, பி1 போட்டுவிட்டு டிரிப்ஸ் போடுங்கள்’ என்பதாக இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கூட இருப்பவர் போனிலும் இருக்கட்டும்.

பூவரசு:

இந்த இழையைப் பார்த்து என் சந்தேகத்தையும் கேட்கிறேன். எனக்கு பைபாஸ், ஐந்தாவது வாரம். போன வாரம் வரை மசித்த சாப்பாடு நன்றாக இறங்கியது. அப்புறம் அது நின்றது, சூப் மட்டும் போனது. இப்போது சூப்பும் நிற்கிறது, தண்ணீர் குடித்தால் கொஞ்ச நேரத்தில் வெள்ளையாக நுரை நுரையாகத் திரும்பி வருகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வேகமாகக் குடிக்கிறேனோ என்று இன்னும் மெதுவாகக் குடித்துப் பார்க்கிறேன், பயன் இல்லை.

புதுக்காற்று:

பூவரசு, உங்களுடையது வேகத்தால் வருவது மாதிரி தெரியவில்லை. எனக்கு இதேதான் வந்தது. முதலில் இறங்கியது பிறகு இறங்காமல் போவது, கெட்டியானதில் ஆரம்பித்துத் தண்ணீர் வரைக்கும் வருவது, இந்த வரிசைதான் அடையாளம். பையையும் குடலையும் சேர்த்துத் தைத்த வாய் ஆறும்போது சுருங்கிவிடுகிறது. எண்டோஸ்கோபி வழியாக ஒரு பலூனை விட்டு விரித்துவிடுவார்கள், சிலருக்கு ஒரு தடவையில் சரியாகும், சிலருக்கு மறுபடியும் செய்ய வேண்டிவரும். எனக்கு அன்றைக்குச் சாயங்காலமே தண்ணீர் இறங்கியது. அந்த முதல் மிடறு தடையில்லாமல் கீழே போனபோது நான் அழுதேவிட்டேன்.

மாலைநடை:

புதுக்காற்று சொல்வதுதான் என் சந்தேகமும். தண்ணீரே நிற்கவில்லை என்றால் இன்றே போக வேண்டும் பூவரசு, மேலே பி1 பற்றிச் சொன்னது உங்களுக்கும் அப்படியே பொருந்தும். வலி மாத்திரை எதுவும் கடையில் வாங்கிப் போடவில்லையே? இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள் பைபாஸுக்குப் பிறகு அந்தத் தையல் வாயில் புண்ணை உண்டாக்கும், புண்ணாலும் இப்படி அடைக்கலாம். புகை பிடிப்பதும் அப்படித்தான்.

படிக்கிற மற்றவர்களுக்காக, எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120-க்கு மேல் போய் இறங்காமல் இருப்பது, காய்ச்சல், வயிற்று வலி திடீரென்று கூடுவது, இடது தோளில் புதிதாக வலி, மூச்சு வாங்குவது, இவையெல்லாம் தையல் கசிவதற்கான அடையாளமாக இருக்கலாம், காய்ச்சல் இல்லாமல் நாடி மட்டும் ஓடினாலும் போக வேண்டும். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தால் இரத்தம் கட்டியிருக்கலாம். நீர் வற்றினால் இரத்தம் கட்டும் வாய்ப்பு கூடும், ஆகவே தண்ணீரும் நடையும் இரண்டும் சேர்ந்தே வேண்டும். வாந்தியில் இரத்தம், கருப்பாக மலம், எட்டு மணி நேரமாக யூரினே போகாதது, இவற்றுக்கெல்லாம் இங்கே வந்து கேள்வி போட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள், நேராகக் கிளம்புங்கள்.

மணல்மேடு:

கெட்டிச் சாப்பாடு ஆரம்பித்த பிறகு வரும் பிரச்சினையை யாரும் சொல்லவில்லை. அப்போது சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும் என்பார்கள். இருக்கிற இடமே கொஞ்சம், அதில் இரண்டும் போட்டி போட முடியாது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 30 நிமிஷம், அதற்குப் பிறகு 30 நிமிஷம், இப்படி ஒரு நாளில் ஐந்து தடவை சாப்பிட்டால் ஐந்து மணி நேரம் தண்ணீர் இல்லாமலே போய்விடும். முதல் இரண்டு வாரம் நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட இந்தக் கட்டத்தில் திரும்பக் காய்ந்து போவது இதனால்தான். மலச்சிக்கலும் சரியாக அப்போதுதான் வந்து நிற்கும். நான் காலையில் எழுந்ததும் முதல் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அதில் 200 மி.லி.யாவது உள்ளே தள்ளிவிடுவேன். வேலைக்குத் திரும்பியபோது மீட்டிங்கில் கையில் பாட்டில் இல்லாமல் உட்காரவே மாட்டேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன், காரணம் கேட்டார், சொன்னேன், அதோடு சரி.

புரோட்டீன் பானம் தண்ணீர்க் கணக்கில் சேருமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். திரவ உணவுக் கட்டத்தில் சேரும் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு 60 கிராம் புரோட்டீன் வேண்டும், ஆனால் ஆரம்ப நாட்களில் இரண்டும் முடியவில்லை, ஒன்றுதான் முடியும் என்றால் முதலில் தண்ணீர். புரோட்டீன் சில நாள் குறைந்தால் சமாளிக்கலாம், தண்ணீர் குறைந்தால் முடியாது. காபி டீ முதல் மாதம் வேண்டாம் என்று பல இடங்களில் சொல்கிறார்கள், அதிலும் இடத்துக்கு இடம் வித்தியாசம் இருக்கிறது.

காவேரிக்கரை:

மணல்மேடு சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். மூன்றாம் மாதம் வாக்கில் முடி கொட்ட ஆரம்பிக்கும், அப்போது பயந்துபோய் எல்லா மாத்திரையையும் வாங்கிப் போடுகிறார்கள். ஆபரேஷனும் வேகமாக எடை இறங்குவதும் உடம்புக்கு ஓர் அதிர்ச்சி, அதற்கு முடி காட்டும் பதில் அது, பெரும்பாலும் சில மாதத்தில் திரும்ப வளரும். அது தனி விஷயம், வேறு இழையில் பேசலாம்.

மனைவிக்குப் பித்தப்பையில் கல் வராமல் இருக்க ஒரு மாத்திரை ஆறு மாதத்துக்குக் கொடுத்தார்கள். எல்லா மருந்தையும் ஒரே நேரத்தில் விழுங்கச் சொன்னால் அதற்கே அவளுக்கு அரை நாள் போகும், தண்ணீருக்கு இடமே இருக்காது. எந்த மாத்திரையை நசுக்கலாம், எதைத் திரவமாக வாங்கலாம், எதை நசுக்கவே கூடாது என்று மருந்தாளுநரிடம் உட்கார்ந்து பட்டியல் போட்டுக்கொண்டோம். அதற்குப் பிறகு மாத்திரை நேரத்து வாந்தி நின்றது.

பூவரசு:

போய்விட்டு வந்தேன். சுருங்கித்தான் போயிருந்தது, பலூன் வைத்து விரித்தார்கள், பி1 ஊசியும் போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். இப்போதைக்குத் திரவம் மட்டும். தண்ணீர் போகிறது.

வெண்தாமரை:

பூவரசு, ரொம்ப சந்தோஷம்.

என் பக்கம், வாந்தி நின்றுவிட்டது. அந்த அளவுக் கப்பில் குடிக்க ஆரம்பித்த பிறகு நெஞ்சில் அழுத்தம் பெரிதாக வருவதில்லை, மூக்கு ஒழுக ஆரம்பித்தால் நிறுத்திவிடுகிறேன். நேற்று 1,200 வரை வந்தது, யூரின் நிறம் வெளுத்துவிட்டது. எழுந்தால் தலை சுற்றவில்லை. கடைசியாக ஒரு சந்தேகம், ராத்திரி விழிப்பு வரும்போதெல்லாம் எழுந்து குடிக்க வேண்டுமா? அங்கே குடிக்கச் சொல்லி அனுப்பிய ஓ.ஆர்.எஸ். எத்தனை நாளைக்கு?

மாலைநடை:

தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு குடிக்க வேண்டாம், பகலில் கணக்கு வந்துவிட்டால் போதும். தானாக விழிப்பு வந்தால் உட்கார்ந்துகொண்டு ஒரு மிடறு எடுங்கள், ஸ்லீவில் படுத்தபடி குடித்தால் எதுக்களிக்கும். கட்டில் தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டாசியம் சரியாகும் வரை எவ்வளவு என்று அவர்கள் சொன்னார்களோ அவ்வளவு, அடுத்த இரத்தப் பரிசோதனையில் சரியாக இருந்தால் சாதா தண்ணீருக்கே மாறிவிடலாம். பரிசோதனை தேதியைக் கேட்டு வாங்கிவிட்டீர்களா?

வெண்தாமரை:

வாங்கிவிட்டேன் அக்கா, திங்கட்கிழமை. பிரஷர் எழுதிய நோட்டையும் எடுத்துப் போகிறேன்.